குழல் முனையில் துரு

நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்துங்கள், பனி உள்ளே வருகிறது. இது என் கூட்டாளி கலைமணியின் மாமன் பூபதிக்கு நடந்தது. போன தேர்தல் முடிந்த சமயம்.

ராத்திரி எட்டரை மணி... கடைசி பஸ் பூபதியை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து, மலைமேல் குண்டூர் நாட்டில் இருக்கும் அவர் ஊருக்கு, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே மண் ரோடு. ஈ காக்கை இல்லை. தூறல் வேறு. தேர்தலுக்காக டவுனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கியை அன்றுதான் வாங்கி வந்தார். மரவள்ளிக் காட்டில் பன்றியை வெருட்ட லைசென்ஸோடு வைத்திருக்கும் ஒற்றைக் குழல். மழைத்தண்ணீர் இறங்காதபடி, முனை கீழே பார்க்கத் தோளில் மாட்டியிருந்தார்.

அவர் காட்டுக்குப் போகும்போதெல்லாம் மகள் ஓவியா பின்னால் வருவாள். சின்னப் பிள்ளை. பனியில் வழி தவறாமல் இருக்க, அந்தக் குழல் முனையைப் பிடித்துக்கொள்வாள். தோட்டா போடாத வெறும் துப்பாக்கிதான்.

மூடாத பழைய கிணற்றைத் தாண்டியதும்... துப்பாக்கியைப் பின்னால் யாரோ லேசாக இழுத்ததுபோல் இருந்தது. ஏதோ யோசனையில் நடந்தவர், திரும்பாமலே சொன்னார்:

"புடிச்சுட்டே வா கண்ணு."

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது... ஓவியா வீட்டில் அல்லவா இருக்கிறாள்!

ஓடினார். இழுப்பு விடவில்லை. சேற்றில் சளக்... சளக்... என்று சின்னக் கால்கள் பின்னாலேயே. திரும்பிப் பார்க்க நெஞ்சில் தெம்பில்லை. துப்பாக்கியைக் கழற்றி எறிவதுதானே என்பீர்கள். லைசென்ஸ் துப்பாக்கியைத் தொலைத்தவன் படும் பாடு உங்களுக்குத் தெரியாது!

வாசற்படி ஏறியதும் இழுப்பு நின்றது. துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் மாட்டினார். பனி ஊரில் இரும்பைக் காப்பாற்றுவது அந்தப் புகைதான். மனைவி ராதிகாவிடம் மூச்சு விடவில்லை.

காலையில் பார்த்தால், குழல் முனையில் துரு. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் கட்டைவிரல். சின்னக் கை. கிணற்றுப் பாசி வாடை.

"நீ தொட்டியா சாமி?"

"இல்லீங்கப்பா. எனக்கு எட்டாதுங்களே."

மண்ணெண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தார். பளபளத்தது. மறுநாள் மறுபடியும் துரு... ஒரு சாண் மேலே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அதற்கு மறுநாள் இன்னும் ஒரு சாண். முனையை விட்டுப் பின்பக்க மரக்கட்டையை நோக்கி, கை மாற்றிக் கை மாற்றி ஏறி வந்தது... கிணற்றிலிருந்து கயிறு பிடித்து ஏறுவதுபோல.

பாவம், மனிதர் என்னதான் செய்வார்? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.

"இதைத் திருப்பி எடுத்துக்கங்க சார். ஊட்ல வச்சிருக்க முடியலீங்க."

"துருவுக்கெல்லாமா தூக்கிட்டு வருவாங்க? ஆயில் போட்டு வைங்க. நாங்க வாங்கறதுன்னா மேல இருந்து ஆர்டர் வரோணும்."

எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கட்டிப் பார்த்தார். விடிந்தபோது பழம் கருகிப்போயிருந்தது. அடுப்படியிலேயே கண்கொட்டாமல் உட்கார்ந்து காவல் காத்தார். விடியற்காலையில் கண் கொஞ்சம் சொக்கும்... அவ்வளவுதான், ஒரு சாண்.

துரு மரக்கட்டையைத் தொட்டதற்கு மறுநாள்... செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். குழலில் பொட்டுத் துரு இல்லை. மோந்து பார்த்தார். பாசி வாடையும் இல்லை.

"எட்டுக்கையம்மா, காப்பாத்திட்டே" என்று உட்கார்ந்து அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை எழுப்பப் போனார்.

ஓவியா முன்பே விழித்திருந்தாள். பாயில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதமெல்லாம் ஈரச் சேறு. அவள் மணிக்கட்டில், துரு நிறத்தில்... நாலு விரல். கையைத் திருப்பினார். மறுபக்கம் கட்டைவிரல்.

எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. துண்டை நனைத்துத் தேய்த்தார். தோல் சிவந்ததே தவிர, அது போகவில்லை.

"யாரு கண்ணு புடிச்சா? சொல்லு சாமி..."

அவள் கதவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"தேய்க்காதீங்கப்பா, அதுக்கு வலிக்குதாம். புடிச்சுட்டே வரச் சொல்லி நீங்கதானுங்களே கூப்புட்டீங்களாம்."