எக்கான்னு கூப்பிட்டவன்

நஸ்ரின்: …இருங்க அங்கிள், முதல்லேர்ந்து சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்துச்சு. அப்புறம்?

சாம்பசிவம்: கம்ப்யூட்டர் கம்பெனிலேர்ந்து பேசறேன்னான். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, இங்க உக்காந்து பாத்தாலே தெரியுதுன்னான். நான் நம்பிட்டேன்.

ரமா: பாவம், உனக்கும் சனிக்கிழமை ஒருநாதான் லீவு. மாடியிலேர்ந்து இழுத்துட்டு வந்துட்டோம். காபி ஆறுது, குடி.

நஸ்ரின்: குடிக்கிறேன் ஆன்ட்டி. கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே என் வேலையே. அங்கிள், அவன் எதையாவது டவுன்லோடு பண்ணச் சொன்னானா?

சாம்பசிவம்: ஆமா. ஏதோ ஒண்ணு. அம்பு மாதிரி படம் போட்டு…

ரமா: அம்பு இல்ல. நீல டப்பா.

சாம்பசிவம்: நீல டப்பா.

நஸ்ரின்: அதுல ஒரு நம்பர் வந்திருக்குமே. அதைப் படிச்சுச் சொன்னீங்களா?

சாம்பசிவம்: சொன்னேன். ஆறு நம்பர்.

ரமா: ஒம்பது.

சாம்பசிவம்: ஒம்பது.

நஸ்ரின்: ஆன்ட்டி, நீங்க பக்கத்துல இருந்தீங்களா?

ரமா: நானா? நான் அடுப்படியில இருந்தேன்.

நஸ்ரின்: சரி… அப்புறம் மவுஸ் தானா நகர ஆரம்பிச்சிருக்கும்.

சாம்பசிவம்: நகந்துது. பாத்துக்கிட்டே இருந்தேன். ரொம்ப நல்லா நகத்தினான்.

நஸ்ரின்: எவ்வளவு நேரம்?

சாம்பசிவம்: ஒரு… பத்து நிமிஷம்?

நஸ்ரின்: அவன் வந்தது, போனது எல்லாம் அந்த புரோகிராமே எழுதி வச்சிருக்கு அங்கிள். காலையில பதினொண்ணு பத்துலேர்ந்து பதினொண்ணு ஐம்பத்தஞ்சு வரைக்கும். அந்த நேரம் நீங்க வீட்லயா இருந்தீங்க?

சாம்பசிவம்: லீவு.

நஸ்ரின்: செவ்வாய்க்கிழமை ஆபீஸ் பஸ்ல ஏறும்போது எனக்குக் கை காட்டினீங்களே.

சாம்பசிவம்: …அரை நாள் லீவு.

ரமா: போதும்ங்க. நஸ்ரின், நாந்தாம்மா. ஃபோன எடுத்தது நான், நம்பரச் சொன்னது நான். அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது.

சாம்பசிவம்: நான் சொல்லிக்கிறேன், நீ பேசாம இருன்னு சொன்னேன்ல?

ரமா: நீங்க சொன்ன லெச்சணத்தத்தான் பாத்தேனே. ஆறு நம்பராம்.

நஸ்ரின்: ஆன்ட்டி, நீங்க சிலிண்டர் போட வர்றவன்கிட்டயே ஆயிரம் கேள்வி கேப்பீங்க. இவனை எப்படி நம்பினீங்க?

ரமா: முதல்ல இந்தியிலதான் பேசுனான். நான் நக்கோ, நக்கோ, வேண்டாம்னு ஃபோன வைக்கப் போனேன். சட்டுன்னு, "எக்கா, நீங்க தமிழாக்கா?"ன்னான்.

நஸ்ரின்: அவ்வளவுதானா?

ரமா: எக்கான்னாம்மா! அக்கா இல்ல… எக்கா. எங்க அம்பாசமுத்திரத்துப் பக்கம்தான் அப்படிக் கூப்பிடுவாக. நான் இந்தத் தெலுங்கு ஊரு மல்காஜ்கிரிக்கு வந்து இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. ஒருத்தர் கூப்பிட்டது கிடையாது. இவுக திருச்சி. இவுக வாயில அதெல்லாம் வராது.

சாம்பசிவம்: நான் எப்படிடி உன்னை எக்கான்னு கூப்பிடறது?

ரமா: நான் அதயா சொல்லுதேன்? "சாப்டியளாக்கா"ன்னு வேற கேட்டான். எனக்கு நெஞ்சே நெறஞ்சு போச்சு. கேட்டதெல்லாம் ஒப்பிச்சிட்டேன். களவாணிப்பய.

நஸ்ரின்: எப்ப சந்தேகம் வந்துச்சு?

ரமா: எந்த பேங்கு எக்கான்னு கேட்டான். பகீர்னு ஆயிட்டு. நெட் ஒயரப் புடுங்கிப் போட்டுட்டு இவுகளுக்கு ஃபோன் பண்ணி அழுதேன்.

நஸ்ரின்: ஒயரைப் புடுங்கினீங்க பாருங்க, அதான் பிழைச்சீங்க. மறுபடி சொருகலையே?

ரமா: இல்ல. அன்னையிலேர்ந்து அங்கனதான் தொங்குது.

நஸ்ரின்: பேங்க்ல சொல்லியாச்சா?

சாம்பசிவம்: அன்னைக்கே சொல்லிட்டேன். பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மாத்திட்டேன். புதுசு என்னன்னா, பெரிய எழுத்துல எஸ், அப்புறம் சின்ன எழுத்துல…

நஸ்ரின்: அய்யோ, சொல்லாதீங்க!

சாம்பசிவம்: நீ நம்ம வீட்டுப் பொண்ணுதானே.

நஸ்ரின்: அவனும்தான் தம்பி மாதிரி எக்கான்னான். திங்கக்கிழமை போய் மறுபடி மாத்துங்க. நீல டப்பாவை நான் எடுத்துட்டேன், ஆனா அது போதாது. வேற எதை ஒளிச்சு வச்சுட்டுப் போனானோ. மொத்தமா அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசா போட்டுடலாம். வேணும்ங்கிறதை மட்டும் இந்த பென் டிரைவ்ல எடுத்துக்கறேன்.

ரமா: ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் அழிச்சிரு.

சாம்பசிவம்: எல்லாத்தையும் எதுக்கு அழிக்கணும்?

ரமா: அழிக்கட்டும்ங்க.

நஸ்ரின்: ஃபோட்டோ கூடவா?

ரமா: ஃபோட்டோவ எடுத்துக்கோ. மத்ததப் பாக்காதே, அழிச்சிரு.

நஸ்ரின்: 'சமையல் குறிப்பு'ன்னு ஒண்ணு இருக்கே…

ரமா: அதத் தொடாத.

நஸ்ரின்: இருநூத்திப் பன்னெண்டு பக்கமா! இவ்வளவு என்ன சமையல்… "லாலாகுடாவில் ரயிலை விட்டு இறங்கியபோது அவளுக்கு ஒரு வார்த்தை தெலுங்கு தெரியாது"… ஆன்ட்டி, இது சமையல் இல்லியே?

ரமா: மூடு.

நஸ்ரின்: கதையா? நீங்க எழுதினதா?

ரமா: நாலு வருசமா எழுதுதேன். மூடும்மா, உன்னயக் கும்புடுதேன்.

நஸ்ரின்: வேற எங்கயாவது காப்பி இருக்கா?

ரமா: எங்க இருக்கு? இது ஒண்ணுதான்.

நஸ்ரின்: அப்புறம் அழிக்கச் சொல்றீங்க? கேக்கவே வயிறு எரியுது ஆன்ட்டி.

ரமா: எனக்கு எரியலியா? எல்லாரும் சொந்தப் பேர்லயே இருக்காகம்மா. யாரு படிக்கப் போறான்னு மாத்தாம விட்டுட்டேன். இவுக தங்கச்சி, இந்த ஃபிளாட் செக்ரட்டரி, இவுக… இப்ப எவனோ ஒருத்தன் கையில போயிட்டு. நான் யாரு மூஞ்சியில முழிப்பேன்?

நஸ்ரின்: போயிடுச்சான்னு பாப்போம், இருங்க. அவன் தொட்டதெல்லாம் வரிசையா இருக்கு… பேங்க்னு பேர் வச்சதைத் திறந்திருக்கான்… எல்ஐசி… வருமான வரி… சமையல் குறிப்பு… இல்ல. தொடவே இல்ல ஆன்ட்டி!

ரமா: தொடவே இல்லியா?

நஸ்ரின்: இல்ல.

ரமா: தொறந்துகூடப் பாக்கலியா?

நஸ்ரின்: நல்லதுதானே!

ரமா: நல்லதுதாம்… முக்கா மணி நேரம் உள்ளயே கெடந்திருக்கான்.

சாம்பசிவம்: அவனுக்குப் படிக்கிற பழக்கம் இருக்காது. விடு.

நஸ்ரின்: ஆனா ஒண்ணு இடிக்குதே. இந்த ஃபைலைக் கடைசியா திறந்தது நேத்து சாயங்காலம் ஆறு இருபதுன்னு காட்டுது. நீங்களா ஆன்ட்டி?

ரமா: நேத்தா? நேத்து வெள்ளிக்கிழமை. ஆறு மணிக்கு நான் கோயில்ல இருந்தேன். ஐயையோ, அந்தப் பய மறுபடியும் வந்துட்டானா?

நஸ்ரின்: ஒயர் இல்லாம வெளியேர்ந்து யாரும் வர முடியாது. இந்த நாற்காலியில உக்காந்துதான் திறந்திருக்கணும்.

ரமா: வீட்ல வேற யாரு இருந்தா? …ஏங்க?

சாம்பசிவம்: நஸ்ரின், இன்னொரு காபி போடவா?

ரமா: ஏங்க, உங்களத்தாம் கேக்கேன்.

சாம்பசிவம்: அழிச்சுடாதே நஸ்ரின், எடுத்துக்கோ… ரமா, உங்கப்பா ஆஸ்பத்திரியில தவறிப்போன அன்னைக்கு நான் ஆபீஸ்ல இருந்தேன்னு எழுதியிருக்க. ஆபீஸ்ல இல்ல. அந்த ரூமுக்கு வெளியில பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன், காலையிலேர்ந்து. உள்ள வர பயமா இருந்துச்சு. அது ஒண்ணை மட்டும் மாத்திடு.