வேதனை ஒன்றுமில்லை

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்களே, நன்றி மேடம். இந்த ஊரில் இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதற்கு ஒரு கம்பெனி விசாரணை வேண்டியிருந்தது.

நான் போனக்காடு. கேரள மலையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். திருவனந்தபுரத்தில் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு வந்த புதிதில் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். "எஸ்டேட் தமிழத்தி வந்நு" என்பாள் கூட விளையாடுகிற சுஜா. ஒரு வருஷம் பேசாமல் விளையாடினேன். பிறகு அவர்களைவிடச் சுத்தமாக மலையாளம் பேசினேன். கம்பெனி கூடைப்பந்து அணிக்கு கேப்டன் ஆனேன். பந்தை எடுத்துப் போய் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற பாயிண்ட் கார்டு இடம் என்னுடையது.

போன சீசனில் பொன்செல்வி வள்ளியூரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தாள். நன்றாக விளையாடுவாள். அதை நான் மறுக்கவில்லை. மலையாளம் ஒரு வார்த்தை தெரியாது. கற்றுக்கொள்ளவும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. அதே சுஜா "சாப்டாச்சா செல்வி?" என்று அவளிடம் கொஞ்சித் தமிழ் பழகினாள். எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்.

கோச் ஸ்ரீகுமார் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உலகம்மை, இனி ஆ குட்டி களிக்கட்டே. நீ அவள்க்கு பாஷ பறஞ்ஞு கொடுத்தால் மதி." என் இடத்தில் அவள் விளையாடுவாளாம். நான் மொழிபெயர்த்தால் போதுமாம். அந்த வேலையைத்தான் செய்தேன்.

அரையிறுதிக்கு முந்தைய வாரம் அவளுக்கு முட்டி நோக ஆரம்பித்தது. பிசியோ அபின் கண்ணூர்க்காரர், தமிழ் சுத்தமாகத் தெரியாது. பிசியோ அமுக்கும்போது முகத்தைச் சுளிக்காதே, பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். எந்த சீனியரும் சொல்வதுதான்.

அபின் முட்டியை அமுக்கி, "வேதனயுண்டோ?" என்றார். மலையாளத்தில் நோவுக்கு அதுதான் பெயர். அவள் என்னைப் பார்த்தாள்.

"வேதனை இருக்கான்னு கேக்காரு," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "வேதனையா? அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிடுதீங்க. வலிதான்."

"வேதனயில்ல, வலி மாத்ரம். அல்லே?" என்று அபின் என்னிடம் கேட்டார். அவர் பாஷையில் வலி என்றால் இழுப்பு. தசை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

அவள் சொன்னதும் அதே வார்த்தைகள்தான். "அதெ," என்று ஆமாம் போட்டேன்.

அவர் காலை நீட்டி இழுத்தார். நான் அவள் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் கையில் அவள் நகம் பதிந்தது. முகம் மட்டும் சுளிக்கவில்லை. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில்.

அரையிறுதி அன்று டேப்பை நானே சுற்றிவிட்டேன்.

"சரியாயிருமாக்கா?"

"பிசியோவே சொல்லிட்டாருல்ல," என்றேன்.

ஆட்டத்தின் நடுவில் அவள் எம்பிப் பந்தைப் பிடித்துத் தரையில் இறங்கினாள். முட்டிக்குள் ஏதோ அறுந்த சத்தம் பெஞ்சுவரை கேட்டது. நான் பெஞ்சில் இருந்தேன், என்னை வைத்த இடத்தில். முட்டிக்குள் லிகமெண்ட் அறுந்து, குருத்தெலும்பும் போய்விட்டதாம். இனி நடக்கலாம், விளையாட முடியாதாம். அவளுக்குப் பதிலாக நான் இறங்கினேன். ஜெயித்தோம்.

நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தெரிந்துதான் செய்தேன், அதையும் மறைக்கவில்லை. இரண்டு பாஷையிலும் நோவுக்கு என்ன பெயர் என்று லயத்துப் பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் அந்த ஒரு வார்த்தையையாவது கற்றிருக்கலாம். நான் எல்லா வார்த்தையும் கற்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் தரையில் கிடந்து "வலிக்கிக்கா, வலிக்கி" என்று கத்தியபோது அபின் ஓடிவந்து அவள் என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டார், "இவள் எந்தா பறயுன்னே?"

"வேதனிக்குன்னு என்னு," என்று உடனே சொன்னேன். வலிக்கிறது என்று, அவர் பாஷையிலேயே சரியாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அவளுக்கென்று அங்கே இருந்தது நான் ஒருத்திதான், மேடம்.