வயர்லெஸில் சொன்ன இடம்

ஐஸ் கட்டி உருகினாலும் விலையில் உருகாத பெருந்தகை, இந்தப் பொதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் அப்துல் வாஹித் பாய் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் எங்கள் படகுக் குழுத் தலைவர் லூர்துநாதன் அண்ணன் அவர்களே! அந்தமான் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் மாயாபந்தர் சந்தைக்குக் கூடை சுமக்கும் தாய்மார்களே! தடைக்காலம் முடிந்து நாளை விடிந்ததும் கடலேறப் போகும் சகோதரர்களே! பின்னால் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் மீனவர் சங்கச் செயலாளர் சகாயசெல்வியின் வணக்கம்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். வாழ்த்த எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கூட்டம் கலைவதற்குள் ஒரு தீர்மானம் வரப்போகிறது. அண்ணன் படகில் வேலை பார்த்த டெர்வினை இனி எந்தப் படகிலும் ஏற்றக் கூடாது என்ற தீர்மானம். கொண்டுவருகிறவர் லூர்துநாதன் அண்ணன். என்ன குற்றம் செய்தான் டெர்வின்? திருடினானா? அடித்தானா? இல்லை. படகின் ரகசியத்தை ஊரறியச் சொல்லிவிட்டானாம்! முணுமுணுக்காதீர்கள், சுஹைல் தம்பி. உங்களுக்கும் பேச நேரம் வரும்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். நம்மில் யார் வயர்லெஸில் உண்மை பேசுகிறோம்? வடக்கே வலை விரித்துக்கொண்டு தெற்கே என்கிறோம். படகு நிறைய மீன் கிடக்கும், 'வெறுந்தண்ணி' என்கிறோம். சிரிக்கிறீர்கள்! அந்தக் கலையில் அண்ணன் அரசர். அவர் சொன்ன இடத்தை நம்பிப் போய் டீசலைத் தீர்த்துவிட்டு வந்தவர்கள் இந்த முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மார்ச் மாதம் சூறைக்காற்று வீசிய அன்று என்ன நடந்தது? இன்டர்வியூ தீவுக்கு மேற்கே அண்ணன் படகின் இஞ்சின் நின்றது. உள்ளே தண்ணீர் ஏறியது. படகில் அண்ணன், டெர்வின், மூன்றாவது ஆள் என் கணவர் பீட்டர். கரையில் வயர்லெஸ் முன்னால் நான். அண்ணன் கூப்பிட்டார். தீவுக்கு மேற்கே நிற்பதாகச் சொன்னார். அந்தப் பெட்டியில் முதன்முதலாக உண்மை சொன்னார்!

நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஹரிஹரன் தம்பி, உங்கள் குரல் என் காதிலேயே நிற்கிறது. "அரே, அண்ணனுக்கு மீனு பட்டுட்டுடே. நம்மள அந்தப் பக்கம் தொரத்துறாரு. ஒருத்தரும் போவாதிங்க." நான் கெஞ்சினேன். "செல்வியக்கா, ஒங்களுக்கு அவரத் தெரியாது" என்று சிரித்தீர்கள். தெரியாதா எனக்கு? என் தாலி அந்தப் படகில் இருந்ததே!

அப்போதுதான் டெர்வின் மைக்கைப் பிடுங்கினான். கடலடியில் பாறைத் திட்டு இருக்கிறதே, மீன் அடைந்து கிடக்கும், 'பார்' என்போமே, அதன் ஜி.பி.எஸ். எண்களை அண்ணன் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த எண்களை எல்லாப் படகும் கேட்க உரக்கச் சொன்னான். "இதாண்ணே எங்க கலவா மீனு பாரு. படகு இதுமேலதான் கெடக்கு. எங்களுக்காக வராண்டாம், மீனுக்காவது வாங்க. ஜல்தி ஆவோ பாய், தண்ணி ஏறுது!"

வந்தீர்களா? வந்தீர்கள். எப்படி வந்தீர்கள்? தூண்டிலும் கையுமாகப் பறந்து வந்தீர்கள்! அண்ணன் படகு அந்தப் பக்கம் போய் மறைவதைக் காலங்காலமாக மோப்பம் பிடித்தவர்கள் அல்லவா, எண்ணைக் கேட்டதும் நம்பிவிட்டீர்கள். மீனைத் தேடி வந்து, மூழ்கும் மனிதர்களைக் கண்டு பதறி, மூவரையும் தூக்கினீர்கள். அதற்காக உங்கள் காலில் விழுவேன். ஆனால் ஆள் என்றபோது அசையாத படகு மீன் என்றதும் அசைந்ததே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

"எஞ் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டான்" என்கிறார் அண்ணன். அண்ணே, சோறு தின்ன வாய் மிஞ்சியதே அவனால்தானே! தலைமை என்பது எது? மாலை போட்டுக்கொள்வதா? மற்றவரைவிட மீன் அள்ளுவதா? மூழ்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் மறுபேச்சின்றி நாலு படகு திரும்ப வேண்டும். அதுவல்லவா தலைமை! அதைச் சம்பாதிக்காமல் எதைச் சம்பாதித்து என்ன பயன்?

பாய், மணியில் கை வைக்காதீர்கள், முடித்துவிடுகிறேன். அண்ணே, ஒரே கேள்வி. நாளை எந்தப் பக்கம் போகிறீர்கள்? இந்த மைக்கிலேயே சொல்லுங்கள். என்ன? "நார்த் ரீஃப் பக்கந்தான். சத்தியமா" என்கிறார். கேட்டீர்களா சபையோரே? நம்புகிறவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கையும் எழவில்லையே? ஹரிஹரன் தம்பி, சிரிப்பு எங்கே போயிற்று? தாய்மார்களே, ஏன் முந்தானையைத் திருகுகிறீர்கள்? பீட்டர், நீங்களுமா தரையைப் பார்க்கிறீர்கள்?

அதோ, பந்தல் காலோரம் ஒரு கை. ஒரே ஒரு கை. அது டெர்வின் கை. அண்ணே, நன்றாகப் பாருங்கள். இந்தச் சபையில் உங்கள் சொல்லை நம்பும் மனிதன் அவன் ஒருவன்தான். அவனைத்தான் படகிலிருந்து இறக்கப் போகிறீர்கள். எழுந்து வாருங்கள், தீர்மானத்தை நீங்களே படியுங்கள். கடுஞ்சொல்லைப் பொறுத்துக்கொண்ட சபைக்கு என் நன்றி. நாளை கடலேறுகிற ஒவ்வொருவரும் கரைக்குத் திரும்புங்கள். வணக்கம்.