கொப்பியில் எழுதாதது

அழகரத்தினம்: ஓரத்துல நிக்காத எண்டு எத்தின தரம் சொல்லுற? வாவிக் காத்து நெஞ்சுக்குள்ள போகும். இஞ்சால வந்து இரி.

தங்கேஸ்வரி: நாலு மாசமா இருமுறன். இந்தப் பாதைப் படகு வாவியக் கடந்து அக்கரைக்குப் போற பத்து நிமிசத்துல புதுசா என்ன வரப்போகுது?

அழகரத்தினம்: சுடுதண்ணிப் போத்தல் எங்க?

தங்கேஸ்வரி: ஒங்கட கையில.

அழகரத்தினம்: ஆ... இந்தா, குடி.

தங்கேஸ்வரி: ஹ்க்... ஹ்க்... வேணாம். எக்ஸ்ரேக்கு எழுதித் தந்த துண்டு பத்திரமா இரிக்கா?

அழகரத்தினம்: சேட்டுப் பையுக்குள்ள இரிக்கு. வெல்லாவெளியில இருந்து ஏழு தரம் கேட்டுட்டாய்.

தங்கேஸ்வரி: எட்டாந் தரமும் கேப்பன். ஒங்கட சேட்டோட சேத்து ரெண்டு அடையாள அட்டை தோய்ச்ச மனிசி நான்.

அழகரத்தினம்: அது வெறும் சளி புள்ள. படம் புடிச்சுப் பாத்துட்டு, இருமல் பாணி தந்து அனுப்புவாங்க.

தங்கேஸ்வரி: சளி எண்டா வெளிய வரணுமே. இது வறட்டு இருமல். அம்மாக்கும் இப்பிடித்தான் துவங்கின.

அழகரத்தினம்: இஞ்சேர்... அந்தக் கதைய எடுக்காத.

தங்கேஸ்வரி: கொழும்புக்குக் கொண்டு போகக்குள்ள நடந்து போய் பஸ் ஏறின மனிசி. மறுகா பெட்டியிலதான வந்தா.

அழகரத்தினம்: இந்தா, தண்ணியக் குடி.

தங்கேஸ்வரி: கேளுங்க. படத்துல அது தெரிஞ்சா மகள் மேனுகாக்குச் சொல்லப்படா. ஆவணியில கலியாணம், அவள்ட கலியாணம் நல்லா நடக்கணும். என்னக் கொழும்புக்கும் கொண்டு போகப்படா. ஊசியும் வேணாம், ஒண்டும் வேணாம்.

அழகரத்தினம்: வாய மூடு!

தங்கேஸ்வரி: மூடினாலும் இருமல் வருதே.

அழகரத்தினம்: மெள்ளக் கதை. சனம் பாக்குது.

தங்கேஸ்வரி: பாக்கட்டும். கோயில்ல பாக்காத சனமா? குளுத்தித் திருவிழா அண்டைக்கு கோயில் அம்மாளுக்குக் குரவை போட வாயத் தொறந்தா... இருமல். இருவது வருசமா முன்னுக்கு நிண்டு குரவை போட்டவள் நான். அம்மாள் குற்றம் எண்டுதான எல்லாரும் சொன்ன?

அழகரத்தினம்: சொன்னவளுகளுக்கு ஒன்ட குரவையில எப்பவும் எரிச்சல்.

தங்கேஸ்வரி: அது சரிதான்... அதுக்குப் பொறகு நான் ஒரு வேலை செஞ்ச. ஒங்களுக்குச் சொல்லல்ல.

அழகரத்தினம்: என்ன வேலை?

தங்கேஸ்வரி: முதல்ல ஏசமாட்டன் எண்டு சொல்லுங்க.

அழகரத்தினம்: ஏசமாட்டன்.

தங்கேஸ்வரி: அம்மாளறிய?

அழகரத்தினம்: சொல்லு புள்ள!

தங்கேஸ்வரி: பாத்தீங்களா, இப்பவே ஏசுறீங்க.

அழகரத்தினம்: சரி, சரி... அம்மாளறிய.

தங்கேஸ்வரி: பிரசருக்குக் குடிக்கிற குளிசைய விட்டுட்டன். குளுத்தி முடிஞ்ச அடுத்த நாளே. இண்டைக்கு முப்பத்தினாலு நாள்.

அழகரத்தினம்: ...ம்.

தங்கேஸ்வரி: என்ன "ம்"? ஒரு நேரக் குளிசை பிந்தினாலே வீட்டத் தலைகீழாக்குற மனிசன் நீங்க.

அழகரத்தினம்: சத்தியம் பண்ணிட்டன்தானே. ஏன் விட்ட? போன்ல வாற அந்தத் தேசிக்காய்த் தண்ணி வைத்தியக்காரன் சொன்னானா?

தங்கேஸ்வரி: ஒருத்தரும் சொல்லல்ல. நானா யோசிச்ச. அந்தக் குளிசை துவங்கி ரெண்டு கிழமையிலதான் இந்த இருமல் வந்த.

அழகரத்தினம்: என்ன?

தங்கேஸ்வரி: ஓம். கிளினிக்ல கேட்டன், குளிசையால இரிக்குமோ, மாத்திப் பாக்கேலாதா எண்டு. அந்த டொக்டர்த் தம்பி தலைய நிமித்தவே இல்ல. "அம்மா, நீங்க டொக்டரா, நான் டொக்டரா?" பின்னால நூறு சனம் நிக்குது. வெக்கத்துல பாணிய வாங்கிட்டு வந்துட்டன்.

அழகரத்தினம்: எனக்கு... எனக்காவது சொல்லியிரிக்கலாமே தங்கேசு.

தங்கேஸ்வரி: நீங்க டொக்டர்ட கட்சி. வெள்ளைச் சேட்டப் பாத்தா வாய் பொத்துற ஆள். சரி, என்ட ஒடம்பு, நானே பாப்பம் எண்டு நினைச்ச. மகன் வினோஜன் கட்டார்ல இருந்து அனுப்பின மெசின்ல காலையும் பின்னேரமும் பிரசர் பாத்து, அவன்ட பழைய பள்ளிக் கொப்பியில எழுதின. இருமலையும் எழுதின, எந்த நேரம் வந்த, எவ்வளவு நேரம் நிண்ட எண்டு. இஞ்ச பாருங்க.

அழகரத்தினம்: நூத்தி முப்பது... நூத்தி இருவத்தெட்டு... எல்லாம் நல்லாத்தானே இரிக்கு.

தங்கேஸ்வரி: அதான! குளிசை இல்லாமலே! கறியில உப்பக் குறைச்ச, பின்னேரத்துல வயல் வட்டைக்குள்ள வரம்பால நடந்த, காலத்தால ஒழும்பின ஒடன ஒங்கட இலைக்கஞ்சியக் குடிச்ச. கஞ்சி மட்டுந்தான் இப்ப கொஞ்ச நாளாக் கசப்பு.

அழகரத்தினம்: வல்லாரை... கூடிட்டு.

தங்கேஸ்வரி: பெண்டாட்டிக்குக் கஞ்சி காச்சுற ஆம்புளையப் பாத்து ஊர் சிரிக்குது. சிரிக்கட்டும். நான் சந்தோசமாத்தான் குடிச்ச.

அழகரத்தினம்: இந்தா, கொப்பியப் புடி.

தங்கேஸ்வரி: ஆனா இருமல் நிக்கல்ல. ஒரு கிழமை பாத்தன், ரெண்டு கிழமை பாத்தன். குளிசையாலதான் எண்டா, விட்ட ஒடன நிண்டிரிக்கணுமே. அப்ப குளிசை இல்ல. அம்மாக்கு வந்த அந்த வருத்தந்தான்... ஹ்க்... எனக்குப் பயமா இரிக்குங்க. கொப்பியில எழுத எழுதத்தான் பயம் கூடின.

அழகரத்தினம்: அழாத... இஞ்ச பாரு... அழாத.

தங்கேஸ்வரி: நான் அழல்ல. இருமுறன். குருமண்வெளித் துறை வந்துட்டு, ஒழும்புங்க.

அழகரத்தினம்: இரி.

தங்கேஸ்வரி: எல்லாரும் இறங்குறாங்க.

அழகரத்தினம்: இறங்கட்டும். கொப்பியத் தா. பேனையும் தா.

தங்கேஸ்வரி: என்னத்துக்கு? ஏசமாட்டன் எண்டு அம்மாளறியச் சொன்ன நீங்க...

அழகரத்தினம்: நான் ஏசப்போறல்ல. நீதான் ஏசப்போறாய்.

தங்கேஸ்வரி: என்ன சொல்லுறீங்க?

அழகரத்தினம்: சீலைப் பெட்டிக்குள்ள நீ ஒளிச்சு வச்ச குளிசைய அண்டைக்கே கண்டுட்டன் புள்ள. அலுப்புல விட்டுட்டாய் எண்டு நினைச்ச. கேட்டா சண்டை வரும், கேக்காட்டி நீ எங்கயாவது வரம்புல விழுந்து கிடப்பாய் எண்டு பயம். நீ இதுக்காகத்தான் விட்ட எண்டு எனக்குத் தெரியாதே... ஒவ்வொரு நாளும் ஒண்ட எடுத்து, மாவா இடிச்சு, கஞ்சிக்குள்ள கரைச்சது நான்தான். இண்டைக்குக் காலத்தாலயும் குடிச்சிட்டுத்தான் வந்திரிக்காய்.