விரத நாளில் மாத்திரை இல்லை

உட்காருங்கள், டாக்டரையா. அந்த நாற்காலியின் பின்கால் கொஞ்சம் ஆடும். சுவரோரமாகச் சாய்த்துக்கொண்டால் ஒன்றும் செய்யாது. நீங்கள் இப்போது இவர் வாயில் போட்ட மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது பிடிக்கும். அதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. எதிரே வருகிறவரை எல்லாம் சாப்பிடக் கூப்பிடுவார், அது ஒன்றுதான். சிம்மக்கல்லுக்கு வெங்காயம் வாங்கப் போனால் மண்டிக்காரரோடு திரும்புவார். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் வீட்டில் தீபாவளியே கொண்டாடியிருக்கிறார். "விருமாண்டி அண்ணே சாப்பிட வரச் சொன்னாக" என்று வாசலில் குரல் கேட்காத நாளில்லை. கல்யாணமான நாள் முதல் என் அடுப்பு அணைந்ததில்லை.

பிறகு அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. நடை சுருங்கியது, பேச்சு கம்மியது. கடைசியில் உட்காரவைத்த இடத்திலேயே இருந்தார். நான் அழுதேன், ஐயா. அது பொய்யில்லை. காளவாசல் ஆஸ்பத்திரிக்கு உங்களிடம் கூட்டிவந்ததும் நான்தான். நடுக்குவாதம், தீராது, ஆனால் புதிதாக வந்திருக்கும் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தால் நடமாடுவார் என்றீர்கள். நடமாடினார். முதல் காரியமாகத் தெருமுனை வரை நடந்து நான்கு பேரைக் கூட்டிவந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்கு விரதம். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கும்போது மாத்திரை மட்டும் எப்படி என்று நிறுத்திவைத்தேன். "சாமி காரியம்னா சரித்தா" என்று அவரும் சொன்னார். அன்று அவர் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. நான் பகலில் தூங்கினேன்.

அப்புறம் செவ்வாய், முருகனுக்கு. சனி, பெருமாளுக்கு. அமாவாசை, சஷ்டி, பிரதோஷம், கார்த்திகை. புரட்டாசி முழுக்கவே விரதம். நம் ஊரில் சாமிக்கா பஞ்சம்? மாத்திரைகளைத் தூக்கி எறியவில்லை, ஐயா. அதோ, சாமி படத்தின் முன்னால் அந்தச் செம்பு நிறைய இருக்கின்றன. சாமிக்கு நடுக்கம் இருந்திருந்தால் இந்நேரம் குணமாகியிருக்கும்.

உங்களிடம் காட்ட வேண்டிய புதன்கிழமையை ஒட்டி மட்டும் விரதத்தைத் தளர்த்திக்கொள்வேன். "நல்லா இருக்காரும்மா, இப்படியே குடுத்துட்டு வாங்க" என்பீர்கள். நீங்கள் சொன்னபடி, அப்படியேதான் கொடுத்து வந்தேன்.

கஷ்டப்படுத்தவில்லை. பொழுது சாய்ந்ததும் கஞ்சி ஊட்டினேன், ஈ விரட்டினேன், ரேடியோ போட்டுவிட்டேன். கண்ணில் நீர் வடியும். இமை கொட்டாததால் வடிகிறது என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் கூடுதலாக வடியும். "அவுக தூங்குறாக" என்று வந்தவரை அனுப்பிவிட்டுத் துடைத்துவிடுவேன்.

போன புதன்கிழமை நான் மருந்து வாங்கப் போன இடைவெளியில் உங்களையே விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார், பாருங்கள். நீங்களும் வெள்ளிக்கிழமை என்று பாராமல் ஆனையூர் வரை வந்து நிற்கிறீர்கள்.

இதோ, விரல் அசைகிறது. வாய் திறக்கிறார்.

"டாக்டரையா... வந்துட்டீகளா. முத்துத்தாயி, எலையப் போடு. வெளிய கார் நிக்கிதுல்ல, டிரைவர் தம்பியையும் உள்ள வரச் சொல்லு."

கேட்டீர்களா, ஐயா? இதைத்தான் சொன்னேன். இத்தனை நாள் கழித்து வாய் திறக்கிறார், என்னை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டாரா?

சரி. இனிமேல் வேளை தவறாமல் கொடுக்கிறேன், சத்தியம். நாளை ஒரு நாள் மட்டும் விட்டுவிடுங்கள். சனிக்கிழமை.