பாஞ்சாலி சொல்ற ஊரு

– ஏய் பாஞ்சாலி, சுத்திய கீழ வையி. நம்ம ஆட்டத்துல ஊரு சொல்ற மொற இந்த வாரம் உன்னுது.

– எனக்கு வாணாம் சின்னப்பொண்ணு. நீங்களே ஆடுங்க.

– தா பாரு, இன்னாடி நீ? இந்த சல்லி ஒடைக்கிற எடத்துல குந்திகினே பம்பாய், கல்கத்தான்னு எத்தினி ஊர்ல குடித்தனம் பண்ணோம்! நான் டிராம் வண்டி ஓட்டுனேன். ராஜம்மாக்கா ஓட்டல் வச்சிது. நீ டீச்சரம்மா. நீ இல்லாம எங்களுக்கு வாயே வரல.

– வுடு சின்னப்பொண்ணு. புள்ளைய மண்ணுல வச்சி இன்னும் மாசம் முடியல. அவள இன்னாத்துக்கு நோண்டுறே?

– அதுக்குத்தான்க்கா. அவ ஒடைக்கிறத பாரு, கல்லு ஒடையுதா கையி ஒடையுதான்னே தெரியல. எனக்கு பயமா கீது. பாஞ்சாலி, பம்பாய் போலாமா? உனக்கு புடிக்குமே.

– அங்க மாடி வூட்டுல எம்புள்ளைக்கு ஊஞ்சலு கட்டி வச்சோம். எப்டிடி போவேன்?

– ஐயோ, மறந்துட்டேன்டி. சிங்கப்பூரு? அங்க நாம போனதேயில்ல. கப்பல்ல போலாம்.

– வாணாம்.

– ராஜம்மாக்கா, நீயாவது சொல்லேன்.

– நான் இன்னாத்த சொல்ல? பாஞ்சாலி, கண்ணு, திரும்பி வேலைக்கு வந்ததுலருந்து நீ யாரு மொகத்தயும் பாக்கல. ஆட வேணாம்மா. மேஸ்திரி வர்றதுக்குள்ள ஊரு பேர மட்டும் சொல்லு.

– எந்த ஊரு சொன்னாலும் ஆடுவீங்களா?

– சத்தியமா. அமெரிக்கான்னாலும் சரி.

– சேரப்பணஞ்சேரி.

– அடிப்பாவி! அது நம்ம ஊருடி. இங்க இன்னா கீது ஆடுறதுக்கு?

– ஆட்டத்துல, நாம ஒடைச்ச சல்லிய கொட்டி இங்கயே ரோடு போட்டாச்சி. தெரு முனைக்கே பஸ்ஸு வருது. டிராம் வாணாம், நீ அத ஓட்டு.

– பாஞ்சாலி...

– ஆடுறேன்னு சொன்னியே.

– சரிடி. ஓட்டுறேன்.

– ராஜம்மாக்கா, நீ டாக்டரம்மா. தாம்பரத்துல ஆஸ்பத்திரி வாசல்லயே நில்லு. அன்னிக்கி பஸ்ஸு இல்லாம புள்ளைய தூக்கிகினு நடந்தே போனேன். வழியில படப்பைய தாண்டல, அடங்கிட்டான்.

– நிக்கிறேன் கண்ணு. நீ? டீச்சரம்மாதானே?

– இல்லக்கா, நான் நான்தான். சீக்கிரம் எடு சின்னப்பொண்ணு, புள்ளைக்கு இன்னும் மூச்சு கீது.