மூணாவது க்யூப்

மேஸ்திரி: அழுத்துங்க மேடம்... இன்னும் கொஞ்சம்... ஆங், க்யூப் உடைஞ்சிருச்சு!

இன்ஜினியர்: மெஷின் எவ்வளவு காட்டுது?

மேஸ்திரி: பதினெட்டு.

இன்ஜினியர்: உடையாம இருபது வரைக்கும் தாங்கணுமே. வர்றது சரக்கு விமானம். யானைக் கனம்.

மேஸ்திரி: விடியக்காலையில ஓடுபாதைப் பள்ளத்துல ஊத்தின, சட்டுனு இறுகுற கான்கிரீட்டு கல்லாட்டம் இருக்கு மேடம். நானே ஏறிக் குதிச்சுப் பார்த்தேன்.

இன்ஜினியர்: நீங்க அறுபது கிலோ!

மேஸ்திரி: அறுபத்தி நாலு... சாப்பிட்டப்புறம்.

டவர்: டவர் பேசுறேன். விமானம் தலைக்கு மேல சுத்திக்கிட்டிருக்கு. இன்னும் இருபது நிமிஷம்தான்... அப்புறம் வந்த வழியே திரும்பிடும். அடுத்தது மூணு மாசம் கழிச்சுதான். பாதையைத் திறக்கலாமா?

இன்ஜினியர்: பொறுங்க... பாதையில ஊத்தின அதே கலவையில டெஸ்டுக்குன்னு மூணு க்யூப் வார்த்தோமே மேஸ்திரி, ரெண்டாவதை வைங்க.

மேஸ்திரி: வெச்சாச்சு... ம்ம்... இதுவும் பதினெட்டுதான்.

இன்ஜினியர்: நான் இருபதுன்னு எழுதிட்டா?

மேஸ்திரி: தாராளமா எழுதுங்க. நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

இன்ஜினியர்: சும்மா கேட்டுப் பார்த்தேன்.

மேஸ்திரி: நானும் சும்மாதான் சொன்னேன்... ஆனா போட மாட்டேன்.

இன்ஜினியர்: அது சரி, இன்னைக்கு என்ன ஷேவிங்கெல்லாம் பலமா இருக்கு? இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் வேற!

மேஸ்திரி: நீங்க கூடத்தான் ஜீப்புக் கண்ணாடியில நாலு தடவை பார்த்தீங்க.

இன்ஜினியர்: கண்ணுல தூசி.

மேஸ்திரி: நாலு தடவையுமா?

இன்ஜினியர்: நம்மள யாரு பார்க்கப் போறா? ஊரே பைலட்டைத்தான் பார்க்கும். ராணுவத்துல இன்ஜினியர் படைன்னு ஒண்ணு இருக்குறதே யாருக்கும் தெரியாது.

மேஸ்திரி: என் சம்பந்தி, நான் இங்க விமானம் ஓட்டுறேன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். நானும் திருத்தல.

இன்ஜினியர்: சரி, மூணாவது க்யூப் எங்க?

மேஸ்திரி: அது வந்து... கான்கிரீட்டு மேல போட்ட ஈரச்சாக்கு காத்துல பறந்துச்சா...

இன்ஜினியர்: பறந்துச்சு...?

மேஸ்திரி: பாரத்துக்கு அதை ஓரத்துல...

இன்ஜினியர்: டெஸ்ட் பண்ற க்யூபையா? அறிவிருக்கா உங்களுக்கு!

மேஸ்திரி: ஓடுபாதையில ஒரு பொடிக்கல்லு கூட இருக்கக் கூடாதுன்னு காலையில என்னைக் குனிஞ்சு குனிஞ்சு பொறுக்க விட்டது யாரு? பாரத்துக்கு நான் வேற எங்க போக?

இன்ஜினியர்: அப்போ இந்த ரெண்டு க்யூபும் எங்க இருந்துச்சு?

மேஸ்திரி: கொட்டகைக்குள்ள, நிழல்ல. வெயில் படாம, பச்சைப்புள்ளையப் பார்த்துக்கிற மாதிரி...

இன்ஜினியர்: ஐயோ மேஸ்திரி! வெயில் பட்டாத்தானே சீக்கிரம் இறுகும்? பாதை அங்க வெயில்ல காயுது, க்யூபுக்கு இங்க தாலாட்டா?

மேஸ்திரி: செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேனா...

இன்ஜினியர்: இருங்க... மூணாவது பாதையோடவே வெயில்ல கிடந்திருக்கு! அதுதான் உண்மையைச் சொல்லும். ஓடுங்க! சாக்கையும் சுருட்டிட்டு வாங்க!

மேஸ்திரி: இந்தாங்க... ஸ்ஸ்... கை சுடுது... சாக்கைச் சுருட்டி, சுத்தமாப் பெருக்கியும் விட்டாச்சு.

இன்ஜினியர்: பதினேழு... பதினெட்டு...

மேஸ்திரி: மூச்சு விடுங்க மேடம்.

இன்ஜினியர்: பத்தொம்பது... இருபது... இருபத்தியொண்ணு... இன்னும் உடையல!

மேஸ்திரி: கொடுங்க பேனாவை!

இன்ஜினியர்: டவர்! பாதை தயார். இறங்கச் சொல்லுங்க!

டவர்: அப்பாடா... நன்றி மேடம். இறங்குது.

மேஸ்திரி: சக்கரம் தொட்டுருச்சு... நாம பள்ளம் அடைச்ச இடத்துக்கிட்ட வருது... வருது...

இன்ஜினியர்: தாண்டிருச்சு! ஒரு குலுக்கல் கூட இல்ல!

மேஸ்திரி: அதுக்கு எதுக்கு அழறீங்க?

இன்ஜினியர்: இனிமே மறைச்சு என்ன... ஓட்டிட்டு வந்தது என் வீட்டுக்காரர். பார்த்து எட்டு மாசமாச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா, என் மேல இரக்கப்பட்டு பதினெட்டுக்கே கையெழுத்துப் போட்டுடுவீங்களோன்னு பயந்துட்டேன்.

மேஸ்திரி: அதே பயத்துலதான் மேடம் நானும் வாயைத் திறக்கல... அவருக்குப் பின்னாடி சீட்டுல என் பொண்ணு உட்கார்ந்திருக்கா, நான் இன்னும் முகம் பார்க்காத பேத்தியோட.